இரண்டு மில்லிமீட்டருக்குள் ஒளிந்திருப்பது: செண்டினல் நோடு பார்க்கும் முறை

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் அந்தச் சின்ன டப்பாவை முடிந்தவரை நானே கையில் வாங்கிக்கொள்வேன். உள்ளே மொச்சைக்கொட்டை அளவில் ஒன்றிரண்டு நோடு (நிணநீர்க் கணு) இருக்கும். சுற்றிலும் மஞ்சள் கொழுப்பு, நடுவில் மெத்திலீன் ப்ளூ சாயம் ஏறிய நீலத் திட்டு. மார்பகத்தில் இருக்கும் புற்றுநோய் அக்குளுக்குப் போய்விட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் அதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வார்டில் அந்த அம்மாவும் வெளியே நிற்கும் குடும்பமும் காத்திருப்பது அந்த மொச்சைக்கொட்டைக்காகத்தான்.

பத்தொன்பது வருடமாக ஹிஸ்டோபாதாலஜி, அதாவது திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் வேலை, பார்க்கிறேன். புதிதாகச் சேரும் முதுகலை மாணவர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் வருடா வருடம் வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். சின்ன ஊர்களில் தனி ஆளாக லேப் நடத்தும் மருத்துவர்களுக்கும் இது உதவ வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்களுக்குப் பக்கத்து அறைக்குப் போய் ஸ்லைடைக் காட்டிக் கேட்க ஆள் கிடையாது.

முதலில் எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். மார்பகத்திலிருந்து வடியும் நிணநீர் முதலில் வந்து சேரும் நிணநீர்க் கணுதான் செண்டினல் நோடு. சாயமோ டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளோ செலுத்தி, அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்து அறுவை மருத்துவர் அதை எடுக்கிறார். மார்பகத்தில் நீலச் சாயத்தை வைத்து இதைச் செய்து காட்டிய கியூலியானோ குழுவின் கட்டுரை வந்தது 1994-இல். அதற்கு முன்பு அக்குளை மொத்தமாகச் சுத்தம் செய்வதுதான் வழக்கம். இருபது நோடு வரும், ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு பார்ப்போம். இப்போது வருவது ஒன்றோ இரண்டோ என்பதால் அதை அணு அணுவாகப் பார்க்க முடிகிறது. முன்பு கண்ணில் படாமல் போன சின்னச் சின்னப் படிவுகள் இப்போது தெரிகின்றன.

அளவை வைத்து மூன்றாகப் பிரிக்கிறோம். 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் மேக்ரோமெட்டாஸ்டாசிஸ், அதாவது பெரிய பரவல், சுருக்கமாக மேக்ரோமெட். 2 மில்லிமீட்டர் வரை, ஆனால் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் அல்லது ஒரே வெட்டில் 200 செல்லுக்கு மேல் என்றால் மைக்ரோமெட்டாஸ்டாசிஸ். அதற்கும் கீழே இருப்பவை தனித்த கட்டி செல்கள். அந்த 200 செல் கணக்கு பிறகு சேர்ந்தது, 2010-இல் நடைமுறைக்கு வந்த ஏஜேசிசி என்ற புற்றுநோய் நிலை வகைப்பாட்டின் ஏழாம் பதிப்பில். எதற்காகச் சேர்த்தார்கள் என்பது லோபுலார் கார்சினோமா என்ற மார்பகப் புற்று வகையைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

மைக்ராஸ்கோப் கதை அப்புறம். முதலில் கத்தி.

நறுக்குதல்

ஃப்ரோசன் (அறுவையின்போதே திசுவை உறையவைத்து உடனே பார்ப்பது) கேட்கவில்லை என்றால் நோட்டை ஃபார்மலினில் சில மணி நேரம் ஊறவிட்டு, கெட்டிப்பட்ட பிறகு நறுக்குங்கள். பச்சை நோடு வழுக்கும், பிதுங்கும். அதை மெல்லிய வில்லையாகப் போட எனக்கும் கை வராது. சுற்றியுள்ள கொழுப்பை நீக்குங்கள், ஆனால் தோலோடு உரித்துவிடாதீர்கள். கேப்ஸ்யூலை, அதாவது நோட்டின் உறையை, ஒட்டி மெல்லிய கொழுப்பு விளிம்பு இருக்க வேண்டும். செல்கள் கேப்ஸ்யூலைத் தாண்டி வெளியே வந்திருக்கிறதா என்று பின்னால் பார்க்க வேண்டியிருக்கும். எத்தனை நோடு, ஒவ்வொன்றும் என்ன அளவு, எது நீலம் என்பதை உடனே எழுதிவிடுங்கள். ஒரு கேசட்டில் (திசுவை வைக்கும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி) ஒரு நோடுதான். ஒன்றை இரண்டு கேசட்டில் போட்டால் அதையும் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே நோட்டை இரண்டாக எண்ணிவிடுவோம், நோயின் நிலையே மாறிப்போகும்.

ஒவ்வொரு நோட்டுக்கும் புது பிளேடு. நீளவாக்கில், அதன் நீண்ட அச்சுக்கு இணையாக, 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாத வில்லைகள். இரண்டு மில்லிமீட்டரைக் கண்ணால் மதிப்பிட்டால் மூன்றாகிவிடும். எங்கள் மேசையில் இரண்டு கண்ணாடி ஸ்லைடை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வைத்திருக்கிறோம். ஒரு ஸ்லைடின் தடிமன் சுமார் ஒரு மில்லிமீட்டர், ஆகவே இரண்டும் சேர்ந்தால் நமக்கு வேண்டிய தடிமன். வில்லையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். வில்லைகள் எல்லாவற்றையும் பிளாக்கில், அதாவது பாரஃபின் மெழுகுக் கட்டியில், போட வேண்டும். ‘பாதி போதும்’ என்பது செண்டினல் நோட்டில் கிடையாது.

அடுத்து, பாதி லேப்களில் யாரும் சொல்லித் தராத ஒன்று. வில்லைகளைப் பிளாக்கில் வைக்கும்போது எந்தப் பக்கம் கீழே போகிறது என்பது முக்கியம். வாழைத்தண்டை வில்லை போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வில்லையின் வலது முகமும் இரண்டாவது வில்லையின் இடது முகமும் கத்தி போன ஒரே இடத்தின் இரண்டு பக்கங்கள். இரண்டையும் கீழே பார்த்து வைத்தால் ஒரே தளத்தையே இரண்டு தடவை பார்க்கிறோம். அடுத்து நாம் பார்க்கும் தளம் 4 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும். அந்த இடைவெளியில் 3 மில்லிமீட்டர் மேக்ரோமெட் ஒன்று சௌகரியமாகத் தப்பிவிடும். அதனால் எல்லா வில்லையும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். நான் நறுக்கியவுடன் வில்லைகளை வரிசையாகப் படுக்க வைத்து, மேல் முகத்தில் மட்டும் கறுப்பு மை தொடுவேன். எம்பெடிங் செய்யும், அதாவது வில்லைகளை மெழுகில் பதிக்கும், அண்ணனுக்கு ஒரே விதி: மை மேலே, மை இல்லாத முகம் கீழே.

பிளாக்கும் மைக்ரோடோமும்

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளாக்கை மெல்லியதாகச் சீவும் மைக்ரோடோமில் நாம் எடுக்கும் ரிப்பன் 4 மைக்ரான் தடிமன். 2 மில்லிமீட்டர் வில்லைக்குள் அப்படிப்பட்ட வெட்டுகள் 500 இருக்கின்றன. ஸ்லைடில் நாம் பார்ப்பது அதில் ஒன்று. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் மாணவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

அதே கணக்கு டெக்னீஷியனுக்கும் தெரிய வேண்டும். பிளாக்கின் முகத்தைச் சமப்படுத்த 30 மைக்ரானில் வைத்துச் சக்கரத்தைப் பத்துச் சுற்று சுற்றினால் 0.3 மில்லிமீட்டர் தரையில் போகிறது. மைக்ரோமெட் தொடங்கும் அளவே 0.2 மில்லிமீட்டர். ஆகவே செண்டினல் பிளாக்குக்கு முரட்டு டிரிம்மிங் வேண்டாம். பத்து மைக்ரானுக்கு இறக்கிக்கொண்டு, வில்லையின் முழு முகம் தெரிந்தவுடன் நிறுத்த வேண்டும். சித்திரை வெயிலில் பாரஃபின் இளகி ரிப்பன் சுருங்கும். பிளாக்கை ஐஸ் மேல் நன்றாகக் குளிரவிட்டு எடுத்தால் கேப்ஸ்யூல் ஓரம் மடியாமல் வரும். அந்த ஓரம்தான் நமக்கு வேண்டிய இடம், அதனால் அவசரம் காட்டக் கூடாது. எங்கள் லேபில் செண்டினல் கேசட்டுகள் எல்லாம் மஞ்சள் நிறம். மஞ்சளைப் பார்த்தால் கை தானாக மெதுவாகும்.

எத்தனை லெவல், அதாவது பிளாக்கின் எத்தனை ஆழங்களில், வெட்டுவது? இதில் ஊருக்கு ஊர் பழக்கம் வேறு. எல்லா வில்லையையும் போட்டு ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு நல்ல எச் அண்ட் இ (வழக்கமான சாயம் ஏற்றிய) வெட்டு பார்த்தால் மேக்ரோமெட் தப்பாது, அது குறைந்தபட்சம். நாங்கள் 200 மைக்ரான் இடைவெளியில் மூன்று லெவல் எடுக்கிறோம். அதற்கு மேல் தோண்டிக்கொண்டே போனால் கண்டிப்பாக இன்னும் கிடைக்கும், ஆனால் அதனால் நோயாளிக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த என்எஸ்ஏபிபி பி-32 ஆய்வில், நெகட்டிவ் என்று முடிவான நோடுகளின் பிளாக்குகளை மறுபடி ஆழமாக வெட்டி, கெரட்டின் ஸ்டெயினும் (புற்று செல்லிலுள்ள கெரட்டின் புரதத்தைப் பழுப்பாகக் காட்டும் சாயம்) போட்டுப் பார்த்தார்கள். 15.9 சதவீதம் பேரிடம் மறைந்திருந்த செல்கள் கிடைத்தன. ஆனால் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அவர்களில் 94.6 சதவீதம், ஒன்றும் இல்லாதவர்களில் 95.8 சதவீதம். வித்தியாசம் 1.2 புள்ளி. இந்த எண்களைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்கே நிறுத்துவது என்பதில் எனக்கு ஒரு நிதானம் வந்தது.

கண்ணால் தேடுவது

மைக்ராஸ்கோப் ஸ்டேஜில் நோடு ஸ்லைடை வைக்கும் முன் அந்த நோயாளியின் முதல் கட்டியின் ஸ்லைடை எடுத்துப் பாருங்கள். இது என் கண்டிப்பான விதி. தேடும் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் கூட்டத்தில் ஆளைத் தேட முடியாது. உட்கரு எவ்வளவு பெரிது, செல்கள் கூடி நிற்கின்றனவா உதிரியா, சைட்டோபிளாசம் இளஞ்சிவப்பா வெளிறியதா என்று மனதில் பதித்துக்கொண்டு நோட்டுக்கு வாருங்கள்.

நிணநீர் நோட்டின் குவிந்த வெளிப்பக்கம் வழியாக நுழைந்து, கேப்ஸ்யூலுக்கு அடியிலுள்ள சப்கேப்ஸ்யூலர் சைனஸ் என்ற இடுக்கில்தான் முதலில் விழுகிறது. நீந்தி வரும் புற்று செல்லும் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தங்கும். அதனால் நான் கிரிவலம் போவது போலத்தான் ஆரம்பிப்பேன். 4எக்ஸில் ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட்டு, கேப்ஸ்யூல் ஓரத்தில் ஒரு இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, 10எக்ஸில் அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பி ஓரமாகவே ஒரு சுற்று சுற்றி அதே புள்ளிக்கு வருவேன். சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் 40எக்ஸ். சுற்று முடிந்த பிறகுதான் உள்ளே போவேன். உழும்போது சால் விடுவது போல, ஒரு பட்டையை ஒட்டி அடுத்த பட்டை, கொஞ்சம் மேலேறி. குறுக்கும் நெடுக்குமாக அலைந்தால் பார்த்த இடத்தையே பார்ப்போம், பார்க்காத இடம் பார்க்காமலே போகும்.

கறுநீல லிம்போசைட் (நோட்டின் இயல்பான வெள்ளணு) கூட்டத்துக்கு நடுவே வெளிறிய அல்லது இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் நிற்க வேண்டும். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றனவா, ஓரம் தெளிவாக இருக்கிறதா, உட்கரு பக்கத்திலுள்ள லிம்போசைட்டைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதா என்று பாருங்கள்.

லோபுலார் கார்சினோமாவில் இந்த அடையாளம் எதுவும் உதவாது. அந்தச் செல்களில் ஈ-கேதரின் என்ற ஒட்டும் புரதம் இல்லாததால் அவை கூடி நிற்பதில்லை. ஒவ்வொன்றாக சைனஸிலும் கார்டெக்ஸிலும் உதிர்ந்து கிடக்கும், உட்கருவும் சின்னது. நான் லேபில் சேர்ந்த நான்காம் வருடம், ஒரு லோபுலார் கேஸின் நோட்டை நெகட்டிவ் என்று கையெழுத்துப் போட்டேன். அன்று மாலை வேலை அதிகம், ஓரச் சுற்றை முடிக்காமல் நடுவிலேயே நிறுத்தியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மூன்று வாரம் கழித்து டியூமர் போர்டுக்காக (மருத்துவர்கள் கூடி சிகிச்சையை முடிவுசெய்யும் கூட்டம்) ஸ்லைடைத் திரும்ப எடுத்தபோது, ஹிஸ்டியோசைட், அதாவது கழிவைத் தின்னும் சாதாரண செல், என்று நான் தாண்டிப்போன செல்களைப் பார்த்ததும் சந்தேகம் வந்து கெரட்டின் போட்டேன். சைனஸ் முழுக்கப் பழுப்பாக மின்னியது. எந்த இரண்டு செல்லும் தொட்டுக்கொள்ளவில்லை, ஆனால் ஒரே வெட்டில் 200-ஐ எளிதாகத் தாண்டும். ரிப்போர்ட்டைத் திருத்தி, அறுவை மருத்துவரிடம் நானே போய்ச் சொன்னேன். சிகிச்சை இன்னும் தொடங்காததால் அந்த அம்மாவுக்குப் பாதகம் வரவில்லை. அன்றிலிருந்து லோபுலார் என்றால் எச் அண்ட் இ எப்படி இருந்தாலும் ஒரு கெரட்டின் போடாமல் நான் கையெழுத்திடுவதில்லை. 200 செல் விதி எதற்கு என்பதும் இதில் புரியும். உதிரியாக இருக்கும் படிவை அளவுகோலால் அளந்தால் ஒவ்வொரு செல்லும் 0.2-க்குக் கீழேதான் வரும், உண்மையான சுமை தெரியாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. இல்லாததை இருப்பதாகச் சொன்னால் ஒரு பெண்ணுக்கு வேண்டாத சிகிச்சை போகும். அடிக்கடி ஏமாற்றுபவை இவை: சைனஸ் ஹிஸ்டியோசைட், அதன் உட்கரு அவரை விதை போல வளைந்திருக்கும், சைட்டோபிளாசம் நுரை போல இருக்கும். கேப்ஸ்யூலின் நார்களுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும் நீவஸ் (மச்ச) செல்கள். இவை சைனஸில் இருக்காது, கெரட்டின் எடுக்காது, எஸ்100 என்ற ஸ்டெயினை எடுக்கும். அபூர்வமாக எலும்பு மஜ்ஜையின் பெரிய செல்லான மெகாகேரியோசைட். ஊசி பயாப்ஸி செய்தபோது இடம்பெயர்ந்து நிணநீரோடு வந்த மார்பக செல்கள். பக்கத்தில் இரும்புத் துகள் தின்ற மேக்ரோஃபேஜ் இருந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். அப்புறம் ரிப்பனை மிதக்கவிடும் வாட்டர் பாத்தில் வேறொரு கேஸிலிருந்து மிதந்து வந்து ஒட்டிய துணுக்கு. அது நோட்டின் மேல் தளத்தில், சற்று ஃபோகஸ் தப்பி நிற்கும், அடுத்த லெவலில் இருக்காது. செண்டினல் வெட்டும் முன் வாட்டர் பாத்தை டிஷ்யூ காகிதத்தால் வழித்தெடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

கெரட்டின் ஐஎச்சி, அதாவது மேலே சொன்ன கெரட்டின் ஸ்டெயின், எல்லோருக்கும் போட வேண்டியதில்லை. ஐஎச்சியில் மட்டும் தெரிந்த படிவுகளால் உயிர்வாழ்வு மாறவில்லை என்று ஏகோசாக் இசட்0010 ஆய்வு 2011-இல் காட்டியது. செலவும் நோயாளி தலையில்தான் விழுகிறது. சந்தேகத் திட்டு, லோபுலார், கீமோவுக்குப் பிந்தைய நோடு, இந்த மூன்றுக்கு மட்டும் போடுகிறேன். கெரட்டின் ஸ்டெயின் வகைகளில் ஏஇ1/ஏஇ3 போதும். கேம்5.2 போட்டால் நோட்டிலேயே இயல்பாக உள்ள ரெட்டிகுலம் செல்கள் கிளை கிளையாகப் பழுப்பாகத் தெரியும்; பழக்கமில்லாத கண்ணுக்கு அது புற்று மாதிரியே இருக்கும். பழுப்பு நிறத்தை மட்டும் நம்பாமல், அதே இடத்தை எச் அண்ட் இ-யிலும் வைத்து உட்கருவைப் பாருங்கள்.

அளப்பது

ஐபீஸ் அளவுகோல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஐபீஸின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 10எக்ஸ்/20 என்றிருந்தால், 20-ஐ ஆப்ஜெக்டிவால் வகுத்தால் தெரியும் வட்டத்தின் விட்டம் வரும். 10எக்ஸில் 2 மில்லிமீட்டர், 40எக்ஸில் அரை மில்லிமீட்டர். ஆக 10எக்ஸ் வட்டத்துக்குள் அடங்கிவிட்டால் மேக்ரோமெட் இல்லை. 40எக்ஸில் விட்டத்தின் ஐந்தில் இரண்டு பங்கைத் தாண்டினால் 0.2 தாண்டிவிட்டது. எண் 22 என்றால் 2.2, 0.55 என்று மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொரு கைக்கணக்கு: 0.2 மில்லிமீட்டர் என்பது சுமார் 25 சிவப்பணுக்களை வரிசையாக வைத்த நீளம்.

ஒரே நோட்டில் பல திட்டுகள் இருந்தால் கூட்டக் கூடாது. 0.6, 0.4, 1.1 என்று மூன்று திட்டு இருந்தால் பெரியது 1.1, ஆகவே மைக்ரோமெட். கூட்டினால் 2.1 வந்து மேக்ரோமெட் ஆகிவிடும். இந்தத் தவறை வெளியிலிருந்து வந்த ரிப்போர்ட்டுகளில் பார்த்திருக்கிறேன்.

ஃப்ரோசன் பற்றிச் சுருக்கமாக. மேக்ரோமெட்டுக்கு அது நன்றாகவே உதவும். மைக்ரோமெட்டைத் தவறவிட வாய்ப்பு அதிகம், உறைந்த திசுவைச் சமன்செய்வதிலேயே கொஞ்சம் போய்விடும். இம்பிரிண்ட் (நறுக்கிய முகத்தை ஸ்லைடில் ஒற்றுவது) எடுத்தால் திசு மிஞ்சும், ஆனால் சின்னதைப் பிடிக்க அதுவும் போதாது. ‘இப்போது நெகட்டிவ், நிரந்தர ஸ்லைடில் சிறியது வரலாம்’ என்று தியேட்டருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜப்பானில் உருவான ஓஎஸ்என்ஏ முறை நோட்டைக் கரைத்து சைட்டோகெரட்டின் 19-இன் எம்ஆர்என்ஏவை எண்ணுகிறது. மைக்ரோ லிட்டருக்கு 250 பிரதிக்கு மேல் மைக்ரோ, 5000-க்கு மேல் மேக்ரோ. வேகமானது, ஆனால் திரும்பப் பார்க்க ஸ்லைடு மிஞ்சாது. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது.

கணினி பற்றி மாணவர்கள் கேட்கிறார்கள். நெதர்லாந்தில் நடந்த கேமிலியன்16 போட்டியில், செண்டினல் நோடு ஸ்லைடுகளில் நேர நெருக்கடியோடு பார்த்த பதினொரு மருத்துவர்களைவிடச் சிறந்த நிரல்கள் நன்றாகக் கண்டுபிடித்தன. ஆனால் அவசரமில்லாமல் பார்த்த ஒரு மருத்துவர் அந்த நிரல்களுக்கு ஏறத்தாழ இணையாக நின்றார். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, செண்டினல் ஸ்லைடைக் காலையில், கண் தெளிவாக இருக்கும்போது பார்க்க வேண்டும் என்பது. மற்ற கேஸுக்கு முன்னால் அதுதான்.

கீமோ முடிந்து வரும் நோட்டில் கணக்கு வேறு. அங்கே தழும்பும் நுரை செல்களும் நிறைய இருக்கும், அதற்குள் மிஞ்சிய செல் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். தனித்த செல்கள் மட்டும் இருந்தாலும் அதை முழுமையாகக் குணமான நோடு என்று எழுதக் கூடாது. அங்கே நான் லெவலிலும் ஐஎச்சியிலும் கை சுருக்குவதில்லை.

எழுதுவது

அறுவை மருத்துவர் முதல் இரண்டு வரியைத்தான் படிப்பார். அதில் எத்தனை நோடு, எத்தனையில் படிவு, பெரிய திட்டின் அளவு, கேப்ஸ்யூலைத் தாண்டியதா, எச் அண்ட் இ-யில் தெரிந்ததா ஐஎச்சியில் மட்டுமா என்பது வர வேண்டும். எங்கள் ரிப்போர்ட் இப்படி இருக்கும்: ‘செண்டினல் நோடு 2, ஒன்றில் மைக்ரோமெட்டாஸ்டாசிஸ், பெரிய திட்டு 1.1 மில்லிமீட்டர், சப்கேப்ஸ்யூலர் சைனஸில். கேப்ஸ்யூலுக்கு வெளியே பரவல் இல்லை. பிஎன்1எம்ஐ, செண்டினல்.’ தனித்த செல்கள் மட்டும் என்றால் பிஎன்0 ஐ-பிளஸ். அதைப் ‘பாசிட்டிவ்’ என்று எழுதிவிடாதீர்கள், அந்த ஒரு சொல்லைப் பார்த்து அக்குள் முழுவதையும் எடுத்துவிட்டவர்கள் உண்டு.

மைக்ரோமெட் மட்டும் இருந்தவர்களில் அக்குளைச் சுத்தம் செய்ததால் கூடுதல் நன்மை இல்லை என்று ஐபிசிஎஸ்ஜி 23-01 ஆய்வு 2013-இல் சொன்னது. ஐந்து வருடம் நோயில்லாமல் இருந்தவர்கள், சுத்தம் செய்யாத பிரிவில் 87.8 சதவீதம், செய்த பிரிவில் 84.4. முழுதாக எடுத்தால் கை வீங்கலாம், தோள் தூக்க வராமல் போகலாம். தண்ணீர்க் குடம் தூக்கும், நாற்று நடும் பெண்களுக்கு வலது கை வீக்கம் என்றால் பிழைப்பே போகிற விஷயம். ஆகவே 1.8-ஆ 2.2-ஆ என்று இழுபறி வந்தால் இன்னொருவரை அழைத்துத் தனியாக அளக்கச் சொல்லி, பிறகு என் அளவைச் சொல்கிறேன்.

கடைசியாகப் பிளாக். லெவல் எடுத்து முடித்த பிறகும் அதில் திசு மிஞ்ச வேண்டும், வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்கும்போது அதுதான் போகும். படிவு உள்ள ஸ்லைடில் பச்சை மையால் புள்ளி வைத்து, பக்கத்தில் அளவையும் எழுதித் தனி டிரேயில் வைக்கிறோம். டியூமர் போர்டுக்கு முந்தின நாள் மாலை அந்த டிரேயை எடுத்து, புள்ளியிட்ட ஒவ்வொன்றையும் ஒரு தடவை மறுபடி பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.